பதின்மூன்றாவது வளைவு

சிலிண்டர் ஏற்றிக்கொண்டு நாகலூர் போகிற வழியில்
பதின்மூன்றாவது வளைவில் வண்டி கொதித்தது.
பானெட்டைத் தூக்கினால் முகமெல்லாம் ஆவி.
அடிவாரத்தில் நிரப்பியிருக்க வேண்டிய கேன்
சீட்டுக்கடியில் காலியாக உருண்டுகிடந்தது.
என் தப்புதான்.

மணி ஆறேகால்.
கீழே சேலம் இன்னும் விளக்கை அணைக்கவில்லை.
வெள்ளைக்கல் குவாரியின் குவியல்கள்
யாரோ உப்பைக் கொட்டிவிட்டு அள்ள மறந்ததுபோல.
கஞ்சமலையின் முதுகு மட்டும் வெளியே,
மற்றதெல்லாம் ஐப்பசி மூட்டத்துக்குள்.

சூடு ஆறாமல் மூடியைத் திறக்கக் கூடாது.
அரை மணி நேரம் சும்மா நிற்பது எப்படி என்று
இருபத்திரண்டு வருஷ ஸ்டியரிங்
எனக்குச் சொல்லித்தரவில்லை.
போனில் சிக்னலும் இல்லை.

பாறைச் சுவரோரமாக நடந்தேன்.
பெரணிக்குப் பின்னால் ஒரு சத்தம்,
சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது.
சுண்டுவிரல் தடிமனுக்குக் கல்லிலிருந்து தண்ணீர்.
அதன் வாயில் ஒரு பலா இலையை
மடித்துச் செருகியிருந்தது.
இலை வாடவில்லை.
எனக்குச் சற்று முன்னால்தான்
யாரோ தாகத்தோடு வந்து
குடித்துவிட்டு
இலையை எடுக்காமல் போயிருக்கிறார்.

நன்றாகக் குனிந்தால்தான் கேனின் வாய் எட்டுகிறது.
உச்சியில் சேர்வராயன் குகைக்குள்ளும்
இப்படித்தான் குனியணும் என்பாள் பூங்காவனம்.
நான் பார்த்ததில்லை.
அவள் உள்ளே போகும்போதெல்லாம்
செருப்புக்குக் காவல் நிற்பவன்.

ஆனியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி.
ஊசியில் உறிஞ்சி எங்கோ அனுப்பினார்கள்.
பதினோரு நாள்.
பதினோரு நாளும் சாப்பிட்டேன், லோடு ஏற்றினேன்,
ரசீதில் கையெழுத்து வாங்கினேன்.
பன்னிரண்டாம் நாள் கவுன்ட்டர் பெண்
நிமிராமலே சொன்னாள்:
"பயப்பட ஒண்ணும் இல்லீங்க, அடுத்த டோக்கன்."

ஆடியில் கோட்டை மாரிக்கு
மாவிளக்குப் போட்டாள் பூங்காவனம்.
அவள் கணக்கு முடிந்தது.
எனக்கு எங்கே போய்ச் சொல்வதென்று தெரியவில்லை.
டீக்கடையில் சொன்னேன்,
"நல்லதாப் போச்சு" என்றார்கள்.
எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.
போதவில்லை.
கடன்காரன் தெருவைச் சுற்றிப்போவதுபோல
மூன்று மாதமாக எதையோ சுற்றிப்போய்க்கொண்டிருந்தேன்.

கேன் பாதி நிறைந்தபோது
உள்ளே ஒரு தவளை,
கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது.
எப்போது குதித்ததோ.
அத்தனை தண்ணீரையும் சாய்த்து
அதைப் பெரணி வேரில் இறக்கிவிட்டேன்.
திரும்ப முதலிலிருந்து.
கோபம் வரவில்லை, எனக்கே ஆச்சரியம்.

மேலே காபித் தோட்டத்தில் ஏதோ குருவி
மெட்டின் நடுவில் மறந்துபோனவன் மாதிரி
அதே நாலு சீழ்க்கையைத்
தொட்டுத் தொட்டு விட்டது.
சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் மட்டும் வெயில்.
அது இறங்கி இறங்கி
சிலிண்டர்களின் சிவப்பைத் தொட்டு
என் கைக்கு வந்தபோது
கை நடுங்கியது.
குளிரால் என்றுதான் நினைத்தேன்.
முகத்தைத் துடைத்த துண்டு
ஈரமாக இருந்தது.

இரண்டு கை குடித்தேன்.
பல் கூசியது. லேசாக இரும்பு வாசனை, மண் வாசனை.
என் கேன் இடித்து அந்த இலை கிழிந்திருந்தது.
பலா மரத்தைத் தேடிப்
பத்தடி மேலே ஏற வேண்டியிருந்தது.
செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறியிருக்கிறேன்,
இறங்கும்போதுதான் கவனித்தேன்.
மடித்து, செருகி,
சரியாக விழுகிறதா என்று பார்த்து,
இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தேன்.

பதினான்காவது வளைவு.
வருவது யாரென்று தெரியாத இடத்தில்
ஹாரன் அடிக்கணும், அதுதான் மலைச்சாலை முறை.
அடித்தேன்.
எதிரே ஒன்றும் வரவில்லை.
இன்னொரு தடவை அடித்தேன், கொஞ்சம் நீளமாக.

நாகலூரில் ஏஜென்சிக்காரர் கடிகாரத்தைக் காட்டினார்.
"வண்டி சூடாயிருச்சுங்க" என்றேன்.
அவர் நம்பிவிட்டார்.